சட்டைக்குள் தைத்து வைத்த சந்தோஷம்



வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் புதுச்சேரிக்காரர்கள் நாம் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு அதைக் கேட்போம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் நம் ஊரைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தவர்கள் வேறு என்ன செய்வோம்? அந்த வானிலை அறிக்கைகளில் 'ஹெக்டோபாஸ்கல்' என்று ஓர் அளவு வரும். முன்பு 'மில்லிபார்' என்றார்கள். இரண்டும் ஒரே அளவுதான். காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் அந்த அலகுக்கு ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் பிளேஸ் பஸ்கால். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் பாஸ்கல் என்பார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு அவர் பஸ்கால்தான்.

எங்கள் பிரெஞ்சு ஆசிரியரை முசியே என்று மட்டும்தான் கூப்பிடுவோம். அவர் பஸ்காலின் பாடத்தை எடுக்கும்போது, "இதை இப்போது மனப்பாடம் செய்யுங்கள், அறுபது வயதில் புரியும்" என்றார். எழுபதைத் தாண்டிய பிறகு அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை என்னைப் பிடித்துக்கொண்டது அவருடைய விஞ்ஞானம் அல்ல. கடவுளிடம் அவருக்குக் கிடைத்த ஒரு சந்தோஷமும், அதை அவர் எட்டு வருடம் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த விதமும்தான். இன்று அதைப் பற்றி எழுதுகிறேன்.

வரி அதிகாரியின் மகன்

பஸ்கால் பிறந்தது 1623 ஜூன் 19, பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள கிளேர்மோன் என்ற ஊரில். மூன்று வயதில் தாயை இழந்தார். அக்கா ழில்பெர்த், தங்கை ழாக்லின், நடுவில் இவர். தகப்பனார் எத்தியென் பஸ்கால் வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் பெரிய பதவியில் இருந்தவர். மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1631-இல் பிள்ளைகளோடு பாரிசுக்குக் குடிபோய், பையனுக்குத் தானே வாத்தியாராக இருந்து சொல்லிக் கொடுத்தார்.

கணக்கில் பையனுக்கு ஆசை அதிகமாகிவிட்டால் லத்தீனும் கிரேக்கமும் கெட்டுவிடும் என்று கணக்குப் புத்தகங்களை அப்பா ஒளித்து வைத்தாராம். பன்னிரண்டு வயதுப் பையன் தானாகவே தரையில் வட்டமும் கோடும் போட்டு, அவற்றுக்குத் தானே பெயரும் வைத்து, வடிவ கணிதத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்பா அழுதுவிட்டார் என்று அக்கா எழுதி வைத்திருக்கிறார்.

அரசாங்கத்தை நம்பிப் பணம் போட்டவர்களின் சங்கடம் அந்தக் காலத்திலும் இருந்தது. அரசுக் கடன் பத்திரங்களுக்கான வட்டியை அமைச்சர் ரிஷ்லியே குறைத்தபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் எத்தியெனும் ஒருவர். 1638-இல் கைதுக்குப் பயந்து பாரிசை விட்டு ஓடி ஒளிய வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் சிறுமி ழாக்லின் ஒரு நாடகத்தில் ரிஷ்லியே முன் நடித்து, தகப்பனாருக்காக வேண்டிக்கொண்டாள். அமைச்சர் மனமிரங்கி மன்னித்தார். மன்னித்ததோடு ருவான் நகரத்துக்கு வரி வசூல் அதிகாரியாகவும் அனுப்பினார். அது ஒரு சலுகையா தண்டனையா என்று சொல்வது கடினம். வரிச்சுமை தாங்காமல் மக்கள் கலகம் செய்து அடங்கியிருந்த மாகாணம் அது. வேலை மலைபோல் குவிந்து கிடந்தது. தகப்பனார் இரவு வெகுநேரம் வரை உட்கார்ந்து கூட்டல் போட்டுக்கொண்டிருப்பார்.

இதைப் பார்க்கச் சகிக்காத மகன் 1642-இல், பத்தொன்பது வயதில், கூட்டல் கழித்தல் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். அரசு அலுவலகத்தில் காலம் கழித்த எனக்கு இந்த இடம் வந்ததும் கை தானாகப் புத்தகத்தை மூடிவிட்டது. கைப்பிடியைச் சுற்றும் ஃபாசிட் இயந்திரத்தில் நாங்கள் மாதக் கடைசியில் கணக்கு நேர் செய்தோமே, அதற்கெல்லாம் மூத்த தாத்தா இதுதான். ஒன்பதோடு ஒன்று சேர்ந்தால் அடுத்த தானத்துக்கு மீதி ஒன்று ஏற வேண்டும். அதை மனிதன் மூளை இல்லாமல் சக்கரமே செய்ய வேண்டும். சிக்கல் அங்கேதான். போதாததற்குப் பிரெஞ்சுப் பணம் பத்து பத்தாக ஏறாது. 12 தெனியே சேர்ந்தால் ஒரு சொல், 20 சொல் சேர்ந்தால் ஒரு லிவ்ர். 12 பைக்கு ஓர் அணா, 16 அணாவுக்கு ஒரு ரூபாய் என்று கணக்குப் போட்ட நம் பெரியவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்ததாக அவரே சொல்கிறார். 1649-இல் அரசரிடமிருந்து தனி உரிமையும் கிடைத்தது. விலை 100 லிவ்ர். அவ்வளவு கொடுத்து வாங்க ஆள் இல்லை, வியாபாரம் படுத்துவிட்டது. அப்போது செய்தவற்றில் சில இன்றும் மியூசியங்களில் இருக்கின்றன.

வழுக்கி விழுந்ததால் வந்த பக்தி

1646 ஜனவரியில் எத்தியென் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்புப் பக்கம் எலும்பை முறித்துக்கொண்டார். கட்டுப் போட வந்த சகோதரர்கள் இருவர் மூன்று மாதம் வீட்டிலேயே தங்கி வைத்தியம் செய்தார்கள். அவர்கள் தீவிரமான கிறிஸ்தவப் பக்தர்கள். பாரிசுக்கு அருகில் போர்-ருவாயால் என்ற கன்னியர் மடத்தைச் சுற்றி வளர்ந்துவந்த ஓர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். மனிதன் தன் சாமர்த்தியத்தால் கடவுளை அடைய முடியாது, அவர் அருளாலேதான் முடியும் என்பது அந்த இயக்கத்தின் உயிர்நாடி. அவன் அருளாலே அவன் தாள் வணங்குவது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான பேச்சு அல்ல.

அவர்கள் கொடுத்த புத்தகங்களை முதலில் படித்து மனம் மாறியவர் பிளேஸ். அவர் மூலமாக வீடே மாறியது. தங்கை ழாக்லின் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்றே முடிவு செய்தாள். அப்பா சம்மதிக்கவில்லை. தான் இருக்கும்வரை வேண்டாம் என்றார்.

ஆனால் பிளேசின் முதல் பக்தி மூளையில் இருந்த பக்தி. ஆராய்ச்சி அவரை விடவில்லை. குழாயில் நிற்கும் பாதரசத்தைத் தாங்குவது மேலே உள்ள காற்றின் எடைதான் என்றால், மலை உச்சியில் காற்று குறைவாக இருப்பதால் பாதரசம் கீழே இறங்க வேண்டும் அல்லவா? இவர் நோயாளி, மலை ஏற முடியாது. அக்காள் புருஷன் ஃப்ளோரேன் பெரியேவுக்கு எழுதினார். 1648 செப்டம்பர் 19-ஆம் தேதி அவர் கிளேர்மோனுக்கு அருகில் உள்ள 1465 மீட்டர் உயரமான புய் தெ தோம் மலையில் ஏறிப் பார்த்தார். கீழே மடத்துத் தோட்டத்தில் ஒரு துறவி இன்னொரு குழாயை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அசைவே இல்லை. மேலே பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. இன்றைக்குப் புயல் எச்சரிக்கையில் இவர் பெயர் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1651 செப்டம்பரில் அப்பா காலமானார். சில மாதங்களில் ழாக்லின் மடத்துக்குக் கிளம்பினாள். இந்த முறை தடுத்தவர் யார் தெரியுமா? அவளை அந்த வழியில் திருப்பிவிட்ட அதே அண்ணன். தனியாக விட்டுப் போகாதே என்று கெஞ்சினார், கோபித்தார். மடத்துக்குக் கொடுக்க வேண்டிய அவளுடைய பங்குப் பணத்திலும் தகராறு செய்தார். அவள் 1652 ஜனவரியில் விடியற்காலையில் சொல்லாமல் கிளம்பிப் போனாள். பெரிய மேதைகள் வீட்டிலும் பாகப்பிரிவினை இப்படித்தான் இருந்திருக்கிறது.

எல்லாம் இருந்தும்

அதன் பிறகு பஸ்காலுக்கு ஏறுமுகம். ரொவான்னே பிரபு நெருங்கிய நண்பர். சீமான்களின் சபைகளில் மதிப்பு. சூதாட்டப் பிரியரான ஒரு நண்பர், ஆட்டம் பாதியில் நின்றால் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டார். அதை வைத்து 1654-இல் பஸ்காலும் துலூஸ் நகரத்து நீதிபதி ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது. இன்றைக்கு எல்.ஐ.சி. நமக்குப் பிரீமியம் நிர்ணயிப்பதற்கு அடிப்படையான கணக்கு அது. வயது 31. ஐரோப்பா முழுவதும் பெயர்.

அதே 1654 இலையுதிர் காலத்தில் அவர் அடிக்கடி மடத்துக்குப் போய்த் தங்கையைப் பார்க்கத் தொடங்கினார். அங்கே என்ன பேசினார் என்பது அவள் அக்காவுக்கு எழுதிய கடிதத்தால் நமக்குத் தெரிகிறது. உலகத்தின் மேல் பெரிய வெறுப்பு வந்துவிட்டது, ஆனால் கடவுள் பக்கமும் எந்த ஈர்ப்பும் இல்லை என்று அவர் புலம்பியிருக்கிறார். இங்கேயும் ருசி இல்லை, அங்கேயும் ருசி இல்லை. கடவுள் இருக்கிறாரா என்ற சந்தேகம் அல்ல அது. இருக்கிறார் என்று அறிவுக்குத் தெரிந்தும் மனம் கட்டையாகக் கிடக்கும் நிலை. கோயிலுக்குப் போய் நின்று, தீபாராதனை பார்த்து, விபூதி வாங்கிக்கொண்டு, ஒன்றுமே உணராமல் திரும்பி வந்த அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை?

நெய்யி பாலத்தில் வண்டிக் குதிரைகள் வெறித்து ஓடி, வண்டி ஆற்றில் விழாமல் தப்பியதால்தான் அவர் மனம் மாறினார் என்று ஒரு கதை பல புத்தகங்களில் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூடப் பிறந்த இரண்டு பேரும் அவரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்கள், அதில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இரவு

1654 நவம்பர் 23, திங்கட்கிழமை. இரவு சுமார் பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை மணி வரை, அவர் தனியாக இருந்த அறையில் ஏதோ நடந்தது. என்ன நடந்தது என்று விவரிக்க அவர் முயலவில்லை. ஒரு காகிதத்தில் துண்டு துண்டான வரிகளாகக் குறித்து வைத்தார்.

அந்தக் குறிப்பு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். முதலில் வருடம். பிறகு மாதம், தேதி, கிழமை. அன்றைக்கும் மறுநாளைக்கும் உரிய புனிதர்களின் பெயர். அப்புறம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பது. நம் அலுவலகக் கோப்பில் குறிப்பு எழுதுகிற மாதிரியே இருக்கிறது. விஞ்ஞானி அல்லவா, பரிசோதனை நடந்த நேரத்தை எழுதாமல் முடிவை எழுத அவருக்குக் கை வராது. அதன் பிறகு ஒரு வரியில் ஒரே ஒரு சொல், நெருப்பு என்று. அதற்குக் கீழே வாக்கியங்கள் உடைந்து போகின்றன.

தான் கண்டது தத்துவவாதிகளும் பண்டிதர்களும் வாதம் செய்து நிரூபிக்கிற கடவுள் அல்ல, முன்னோர்கள் பெயர் சொல்லி அழைத்துக் கும்பிட்ட கடவுள் என்று அதில் எழுதியிருக்கிறார். வாதம் செய்வதில் ஐரோப்பாவிலேயே கெட்டிக்காரர்களில் ஒருவர் இப்படி எழுதுவதுதான் ஆச்சரியம். பிறகு நிச்சயம் என்ற சொல் வருகிறது, அமைதி என்ற சொல் வருகிறது, சந்தோஷம் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. சந்தோஷக் கண்ணீரும் வருகிறது. ஏழு எட்டு வயதிலிருந்து எல்லாவற்றுக்கும் சரியான சொல்லைத் தேடிக் கண்டுபிடித்த மனிதருக்கு, அன்றிரவு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஆனால் அந்தக் குறிப்பு முழுவதும் ஆனந்தக் கூத்து அல்ல. நடுவில் ஒரு பயம் இருக்கிறது. இவரை விட்டு நான் விலகிப் போயிருந்தேன், இனியும் விலகிவிடக் கூடாதே என்கிற பயம். கிடைத்துவிட்டது என்ற நிம்மதியும், கை நழுவிவிடுமோ என்ற நடுக்கமும் ஒரே தாளில். அதனால்தான் எனக்கு அது பொய்யில்லாத எழுத்தாகப் படுகிறது.

பிறகு அவர் செய்த காரியம் இன்னும் விசேஷம். அதே வாசகத்தைச் சிறிது சேர்த்துத் தோல்தாளில் நல்ல எழுத்தில் நகல் எடுத்தார். ஒரிஜினலையும் ஃபேர் காப்பியையும் ஒன்றாக மடித்து, தான் உடுத்தும் மேல்சட்டையின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டார். சட்டை மாற்றும்போதெல்லாம் தையலைப் பிரித்து எடுத்து அடுத்த சட்டைக்குள் வைத்துத் தைத்தார். எட்டு வருடம். ஒருவரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளும் தங்கைக்குக்கூட அண்ணன் மனம் மாறியது தெரியுமே தவிர, அந்த இரவும் அந்தத் தாளும் தெரியாது.

அதன் பிறகு வந்த எட்டு வருடம்

சந்தோஷம் கிடைத்தது, அதன் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது என்று முடித்தால் அது சினிமாக் கதை. பஸ்காலின் வாழ்க்கை அதன் பிறகுதான் கஷ்டமாயிற்று.

1655 ஜனவரியில் போர்-ருவாயாலில் சில வாரம் தங்கி வந்தார். அந்த மடத்தாரை ராஜாங்கமும் திருச்சபையும் நெருக்கியபோது, அவர்களுக்காக 1656 ஜனவரி முதல் 1657 மார்ச் வரை புனைபெயரில் 18 கடிதங்கள் எழுதி அச்சிட்டார். நம் சம்பா கோயிலை முதலில் கட்டிய இயேசு சபையார்தான் அந்தக் கடிதங்களில் எதிர்க்கட்சி. பிரெஞ்சு உரைநடைக்கே அவை இலக்கணம் என்று எங்களுக்குப் பள்ளியில் சொன்னார்கள். ரோமாபுரியோ அவற்றைத் தடை செய்தது. 1661-இல், மனசாட்சிக்கு விரோதமான ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போடும்படி கன்னியர்களை வற்புறுத்தினார்கள். அந்த வேதனையோடு ழாக்லின் அதே வருடம் அக்டோபரில் இறந்துபோனாள்.

உடம்பும் விடவில்லை. இளவயதிலிருந்தே தலைவலி, வயிற்று நோவு. ஒரு காலத்தில் வெதுவெதுப்பான நீர்ப்பொருளைச் சொட்டுச் சொட்டாகத்தான் விழுங்க முடிந்தது. 1659 முதல் நீண்ட நேரம் வேலை செய்யவே முடியாத நிலை. அந்த இடைவெளிகளில், கிறிஸ்தவ நம்பிக்கைக்காக ஒரு பெரிய புத்தகம் எழுதுவதற்காகத் துண்டுக் காகிதங்களில் குறித்து வைத்தார். புத்தகம் முடியவில்லை. அந்தத் துண்டுகளைத்தான் அவர் இறந்த பிறகு 1670-இல் 'சிந்தனைகள்' என்று வெளியிட்டார்கள்.

அதில் ஒரு பகுதியைத்தான் எங்கள் முசியே அறுபதில் புரியும் என்றார். மனிதன் ஏன் ஓயாமல் எதையாவது செய்துகொண்டே இருக்கிறான் என்று பஸ்கால் கேட்கிறார். சீமான் முயல் வேட்டைக்குப் போகிறான். அந்த முயலைச் சந்தையில் வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்பான். அவனுக்கு வேண்டியது முயல் அல்ல, ஓட்டம். ஓடிக்கொண்டிருக்கும்வரை தன்னைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. ஓர் அறையில் தனியாக, கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார வைத்தால் அரசனும் பரிதாபமானவன்தான்.

பணி ஓய்வு பெற்றவர்களுக்கு இது படிப்பு இல்லை, அனுபவம். முப்பத்தைந்து வருடம் காலை ஒன்பதரைக்குக் கிளம்பிய கால் ஒரு நாள் திண்ணையில் நிற்கிறது. முதல் மாதம் சுகம். மூன்றாவது மாதம் வீட்டில் இருக்கும் எல்லோரையும் குற்றம் சொல்ல ஆரம்பிக்கிறோம். பிறகு டி.வி., கைப்பேசி, கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து அகவிலைப்படி எத்தனை சதவீதம் என்கிற விசாரணை. நம் பெரியவர்கள் 'சும்மா இருப்பதே சுகம்' என்றார்கள். சும்மா இருப்பதைப் போலக் கடினமான காரியம் கிடையாது என்பது ஓய்வூதியம் வாங்கினால்தான் தெரிகிறது. பஸ்கால் சொல்வது இதுதான்: வேடிக்கைகளால் வருவது வெளியிலிருந்து வரும் சந்தோஷம், வெளியில் இருப்பது போனால் அதுவும் போய்விடும். நிலைத்தது வேண்டுமானால் போகாத ஒன்றில் அதைக் கட்ட வேண்டும்.

அவருடைய 'பந்தயம்' பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடவுள் உண்டு என்று பந்தயம் கட்டு, ஜெயித்தால் எல்லாம் லாபம், தோற்றால் நஷ்டம் ஒன்றுமில்லை என்கிற கணக்கு. இதைப் படித்து, இவருக்குப் பக்தியே ஒரு வியாபாரமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தேதியைச் சொல்ல விரும்புகிறேன். அந்த இரவு 1654-இல். பந்தயக் குறிப்பு அதற்குப் பிறகு. சூதாடுகிறவர்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்ல எழுதிய வாதம் அது. அவர் நம்பிக்கை அந்தக் கணக்கால் வந்தது அல்ல.

ஒத்துக்கொள்ள முடியாதவை

பஸ்காலிடம் எனக்கு ஒத்துப் போகாதவையும் உண்டு. உட்பக்கம் முள் வைத்த இரும்புப் பட்டை ஒன்றை வெறும் உடம்பில் கட்டிக்கொள்வாராம். பேச்சில் கர்வம் எட்டிப் பார்த்தால் முழங்கையால் அதை அழுத்திக்கொள்வாராம். அக்கா தன் குழந்தைகளைக் கொஞ்சுவதைக்கூட ஆட்சேபித்தார். அன்பு கடவுளுக்கு மட்டுமே போக வேண்டும் என்று எண்ணியவர். இதை எழுதி வைத்ததும் அதே அக்காதான். அவள் மறைக்கவில்லை, நாமும் மறைக்க வேண்டாம். பேரப்பிள்ளை மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுக்கும்போது கிடைப்பது கடவுளுக்கு எதிரான சந்தோஷம் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். நம் ஊரில் கடவுளையே குழந்தையாக்கித் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுகிறோம்.

ஆனால் அந்தக் கடுமையை எல்லாம் தாண்டி அவர் கடைசி வருடம் என்னை அசைக்கிறது. 1662 மார்ச் 18-ஆம் தேதி பாரிசில் ஒரு புது ஏற்பாடு ஓட ஆரம்பித்தது. குறித்த பாதை, குறித்த நேரம், ஆள் இல்லாவிட்டாலும் கிளம்பிவிடும் குதிரை வண்டி. கட்டணம் ஆளுக்கு 5 சொல். இன்றைய டவுன் பஸ்ஸின் முன்னோடி அது. யோசனை பஸ்காலுடையது, முதல் போட்டவர்களில் ரொவான்னே பிரபுவும் ஒருவர். முதல் நாட்களிலேயே கூட்டம் தாங்காமல், இடமில்லாத வண்டிகளைப் பார்த்து ஜனங்கள் தெருவில் நின்றார்கள். ஆனால் சிப்பாய்களும் வேலைக்காரர்களும் கூலியாட்களும் ஏறக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. அந்த வருடம் புளுவா பகுதியில் பஞ்சம். வண்டி வருமானத்தில் தன் பங்கை முன்பணமாக வாங்கி அங்குள்ள ஏழைகளுக்கு அனுப்ப பஸ்கால் முயன்றார்.

ஓர் ஏழைக் குடும்பத்தைத் தன் வீட்டில் குடிவைத்திருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. அக்கா பஸ்காலைப் பார்த்துக்கொள்ள தினமும் வந்து போவாள், அவள் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும். அந்தக் குடும்பத்தை வேறு இடத்துக்கு அனுப்பலாமே என்றபோது, நோயாளிப் பிள்ளையைக் கிளப்பக் கூடாது என்று சொல்லி, சாகக் கிடந்த தானே தன் வீட்டை விட்டு அக்கா வீட்டுக்குப் போனார். அங்கே படுத்தபடி, தன்னைப் போலவே கவனிப்பு கிடைக்க ஓர் ஏழை நோயாளியைக் கொண்டுவந்து அருகில் வையுங்கள் என்று கேட்டார். அது முடியாதென்றால் தீராத நோயாளிகளின் ஆஸ்பத்திரிக்குத் தன்னைக் கொண்டுபோகச் சொன்னார். மருத்துவர்கள் விடவில்லை. 1662 ஆகஸ்ட் 19-ஆம் தேதி இறந்தார். வயது 39.

சில நாள் கழித்து அவர் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த வேலைக்காரன், மேல்சட்டை ஓரிடத்தில் தடிப்பாக இருப்பதைக் கையால் உணர்ந்தான். தையலைப் பிரித்தான். மடித்த தோல்தாளும் அதற்குள் காகிதமும் இருந்தன.

அது என்ன சந்தோஷம்?

என் மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசி இரண்டு வருடம் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அந்தக் காலத்தில் அவள் எப்போதும் சிரித்த முகமாக இருந்தாள் என்று எழுதினால் அது பொய். வலி, எரிச்சல், அழுகை எல்லாம் இருந்தது. ஆனால் தினமும் ஒரு பழைய நோட்டில் ஒரு பக்கம் ஸ்ரீராமஜெயம் எழுதுவாள். கை நடுங்கிய நாட்களில் நாலு வரி. பக்கத்தின் தலையில் தேதி போடுவாள். ஒரு நாள் கேட்டேன், "இவ்வளவு கஷ்டத்துல இது எதுக்கு?" என்று. "இல்லேன்னா எனக்கு மறந்து போயிடுங்க" என்றாள். எது மறந்துபோகும் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பஸ்காலைத் திரும்பப் படித்தபோது அந்தப் பதிலின் பொருள் கிடைத்தது. நாம் நிலையான சந்தோஷம் என்றால் மனம் எந்நேரமும் பொங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். பொங்கவில்லை என்றால் நம் பக்தியில் குறை, அல்லது கடவுளிடத்தில் குறை என்று முடிவு கட்டுகிறோம். பஸ்காலுக்கு அந்த இரண்டு மணி நேரம் திரும்ப வந்ததாக எங்கும் குறிப்பு இல்லை. வந்தது நோயும், சண்டையும், தங்கையின் சாவும்தான். மனத்தின் நிலை மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் நேரம் குறித்து எழுதினார், நகல் எடுத்தார், சட்டைக்குள் வைத்தார். மாறும் மனத்துக்கு மாறாத ஒன்றைச் சாட்சி வைத்தார். தையல் பிரித்துத் தைத்த ஒவ்வொரு முறையும் அது நடந்தது உண்மை என்று அவர் விரல்களுக்குத் தெரிந்திருக்கும்.

சந்தோஷம் நிலைத்தது என்பதற்கு அவர் காட்டிய அடையாளம் முகமலர்ச்சி அல்ல. சாகும் தறுவாயில் வேறொருவன் பிள்ளைக்காகத் தன் வீட்டை விட்டு எழுந்து போனதுதான். உள்ளே ஒன்றும் இல்லாதவனால் அப்படி எழுந்து போக முடியாது.

அந்தத் தோல்தாள் பிற்காலத்தில் தொலைந்துவிட்டது, அதன் நகல்தான் உண்டு. காகிதம் இருக்கிறது. பாரிஸ் தேசிய நூலகத்தில் 'சிந்தனைகள்' கையெழுத்துப் பிரதியோடு பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நவம்பர் என்றால் ஓய்வூதியர்கள் நமக்கு ஆயுள் சான்றிதழ் கொடுக்கும் மாதம். உயிரோடு இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒரு முறை கருவூலத்துக்கு எழுதிக் கொடுக்கிறோம். பஸ்காலும் ஒரு நவம்பரில் அப்படி ஒரு சான்றிதழ்தான் எழுதினார், தனக்கே தான் காட்டிக்கொள்ள.

வாசகர்கள் உங்களிடமும் அப்படி ஒரு தேதி இருந்தால் ஒரு தாளில் குறித்து வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.